வீட்டுக்காரர் சம்மதம்

ஐந்தருவிச் சாலையில் வந்த பச்சை லாரி ஒன்று வேகம் குறைந்து தன் வீட்டு வாசலுக்கு நேரே நின்றதைச் சமையலறை ஜன்னல் வழியாக ஜாஹிரா பீவி பார்த்தாள். பங்குனி மாதம். அருவிகளில் தண்ணீர் அற்றுப்போய்ப் பாறை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சீசனுக்கு இன்னும் நாள் கிடந்தது. யாரோ வழி கேட்க நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். லாரியின் பின்கதவு தடாரென்று விழுந்தது. துப்பாக்கி, தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை என்று ஆளுக்கொரு சுமையோடு பத்துப் பன்னிரண்டு பேர் குதித்து இறங்கினார்கள்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவளுக்கு முன்பே அவள் கணவர் சேக் மைதீன் கேட்டருகே நின்றிருந்தார். மாடிச் சாவி அவர் கையில் இருந்தது.

"ஏங்க, யாரு இவங்கள்லாம்?"

"எலெக்‌ஷனுக்கு வந்திருக்கிற மத்தியப் படை. நம்ம மாடியில தங்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"கவர்மெண்டுதான்."

அவர் குரலில் ஆச்சரியமே இல்லை. அதுதான் ஜாஹிராவுக்கு முதலில் உறுத்தியது.

லாரிக்குப் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஆவுடைநாயகம் இறங்கினார். வெளியூரிலிருந்து வரும் படைகளுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பதற்காகத் தேர்தல் வேலையில் போட்டிருந்த அதிகாரி. கையில் செல்போன் மட்டும் இருந்தது.

"ரெண்டு மூணு வாரந்தாம்மா," என்றார். "ஓட்டுப் பொட்டியெல்லாம் போய்ச் சேந்ததும் கெளம்பிருவாவ. புளியறை செக்போஸ்ட்டுக்கும் குத்தாலத்துக்கும் காவலுக்கு வந்திருக்காவ."

"உத்தரவு ஏதும் இருக்கா?"

"மேலிடத்து உத்தரவும்மா."

"அதத்தான் கேக்கேன். காட்டுங்க."

"டெல்லிப் படைம்மா இது. நான் என்னத்தக் காட்ட?"

"எதுத்தாப்புல தளவாயண்ணன் லாட்ஜு பூராவும் காலியாத்தான கெடக்கு?"

"அங்கன பெயிண்ட் வேல நடக்கு."

ஜாஹிரா சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தளவாயின் மூன்று மாடி லாட்ஜ் அமைதியாக நின்றது. ஏணி இல்லை, சாரம் இல்லை, பெயிண்ட் டப்பா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவள் திரும்பி ஏதோ கேட்கப் போவதற்குள் பூட்ஸ் சத்தம் மாடிப்படி ஏறிவிட்டது.

அந்த மாடி சேக் மைதீன் சவூதியில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துக் கட்டியது. மூன்று அறை. சீசனில் குளிக்க வருகிற குடும்பங்களுக்கு விடுவார்கள். மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். மகன் பாரூக் இப்போது தம்மாமில் இருந்தான். அவன் மனைவி ஆஷிகா மூன்று மாதக் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருந்தாள். குழந்தைத் துணி காய்வது மொட்டை மாடியில்தான். அன்று சாயங்காலம் அந்தக் கொடியில் காக்கியும் பச்சையுமாக உடுப்புகள் தொங்கின. குழந்தையின் துணியைக் கொல்லையில் பலாமரத்தடியில் காயப்போட்டார்கள். அங்கே வெயில் விழாது. துணி காய்ந்தும் ஈர வாடை போகவில்லை.

படுக்கப் போகும்போதுதான் ஜாஹிராவுக்கு இன்னொன்று நினைவு வந்தது. முந்தின நாள் சேக் மைதீன் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, மாடிப்படிக்குப் புது பல்பு மாட்டியிருந்தார். சீசனுக்கு இப்பவே ஏன் என்று அவள் கேட்டபோது, சும்மாதான் என்று சொல்லியிருந்தார். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. கேட்டருகே எப்போதும் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். கடையநல்லூரிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்த நாத்தனாரை அவன் நிறுத்தி, பையைத் திறந்து காட்டச் சொன்னான். பையில் இருந்தது குழந்தைக்கு வாங்கிய சட்டையும் அல்வாவும். "எங்க அண்ணன் வீட்டு வாசல்ல நான் யாருன்னு எவனோ கேக்கான்," என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் நாத்தனார் திரும்பிப் போனாள்.

ஒரு காலையில் கேட் தூணில் சாக்பீஸால் ஆங்கில எழுத்து ஒன்றும் பக்கத்தில் ஒரு எண்ணும் எழுதியிருந்தது. ஜாஹிரா ஈரத் துணியால் அழித்தாள். மறுநாள் அது திரும்பவும் அதே இடத்தில் இருந்தது. என்ன குறி, யாருக்காக, எதற்காக என்று தெரியவில்லை. தெருவில் மற்ற வீட்டுத் தூண்களையெல்லாம் நடந்துபோய்ப் பார்த்து வந்தாள். வேறு எங்கும் இல்லை.

வந்தவர்களும் மனிதர்கள்தானே என்று ஒருநாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினாள். தூக்கு அப்படியே திரும்பி வந்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"வெளியாளுங்ககிட்ட வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னு ரூல் இருக்கும் மாமி," என்றாள் ஆஷிகா.

"எவுங்க வீட்டுல எவுங்க வெளியாளு?" என்றாள் ஜாஹிரா. தூக்கைக் கவிழ்த்துக் கழுவினாள். விஷம் வைத்துவிடுவேன் என்று நினைக்கிறார்களா? அப்படி நினைக்கும்படி அவர்களிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

லாட்ஜ்காரத் தளவாய் சாலையைக் கடந்து வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினார். "எதுக்கும் பேச்சுல கவனமா இருங்கக்கா. ஊர்ல இம்புட்டு வீடு இருக்க, உங்க வீட்டப் பாத்து எதுக்குப் போடணும்? காரணம் இல்லாம செய்வானுவளா?" சொல்லும்போது அவர் கண் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்துக்குக் கீழே வேறு ஏதோ இருந்த மாதிரி ஜாஹிராவுக்குப் பட்டது.

"உங்க லாட்ஜுல பெயிண்ட் வேல முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

"பெயிண்டா?" என்றார் தளவாய். உடனே, "ஆமா, ஆமா. ஆளு வரணும்," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

பாரூக் போனில் விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினான். "உம்மா, போன்ல எதும் பேசாதீங்க. அவங்க போற வரைக்கும் கூப்பிடவும் வேண்டாம். நானே கூப்பிடுதேன்." தன் மகனே தன்னோடு பேசப் பயப்படுகிறான். அன்றுதான் அவள் தென்காசிக்குப் பஸ் ஏறினாள்.

வழக்கறிஞர் உமா மகேஸ்வரி பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன அறை ஒன்றில் அலுவலகம் வைத்திருந்தாள். ஜாஹிரா சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஏட்டி, எழுத்துல ஒண்ணுமே தரலையா?"

"மேலிடம்னு சொல்லுதாரு. மேலிடம்னா எந்த இடம்னு கேட்டா டெல்லிங்கிறாரு."

"தேர்தலுக்குன்னு கட்டடத்த எடுக்கச் சட்டம் இருக்கு. ஆனா அது ஓட்டுச்சாவடி வைக்க, பொட்டி வைக்க. அதுக்குமே எழுத்துல உத்தரவு போடணும். படையத் தங்கவைக்க உன் வீட்ட வாயாலயே எடுத்துக்கிட முடியாது."

"டெல்லிப் படைல்லா உமா? அவங்க வரலாமா கூடாதா?"

"போலீசு, ஊர் அமைதி எல்லாம் மாநிலத்துப் பொறுப்புன்னுதான் அரசியல் சாசனத்துல மொதல்ல எழுதியிருந்தாவ. எமர்ஜென்சி நேரத்துல நாப்பத்திரெண்டாவது திருத்தம்னு ஒண்ணு கொண்டாந்து, டெல்லி தன் படைய மாநிலத்துக்குள்ள எறக்கலாம்னு ஒரு வரியச் சொருகிட்டாவ. அதனால படை வரலாம். தேர்தலுக்கு வாரது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். அவங்களுக்கு இடம் பாத்துக் கொடுக்க வேண்டியது மாநிலம். அதுக்காவ உன் அடுப்படிக்கு மேல வந்து படுக்கலாம்னு எங்கயும் எழுதல."

"படுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"நல்லாக் கேட்ட. அப்படி ஒரு வரி நம்ம சாசனத்துல கெடையாது. அமெரிக்காவுல இருக்கு." உமாவின் தம்பி சிகாகோ பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தான். "போன வருசம் அங்க, மாநிலங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் ஊருக்குள்ள பட்டாளத்த அனுப்பினாவல்லா? மாநிலங்க கோர்ட்டுக்குப் போச்சு. தம்பி தெனமும் போன்ல அதையே பேசுவான், நானும் எடுத்துப் படிச்சேன். அவங்களுக்குப் பத்தாவது திருத்தம்னு ஒண்ணு இருக்கு. அங்க உள்ள மத்திய அரசுக்குன்னு எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலத்துக்கும் சனங்களுக்கும். நம்மகிட்ட அது தலைகீழு, எழுதாம விட்டதெல்லாம் டெல்லிக்கு. மூணாவது திருத்தம்தான் உன் கத. அமைதிக் காலத்துல, வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம, எந்தப் படைவீரனையும் எந்த வீட்டுலயும் தங்கவைக்கக் கூடாது. அங்க உள்ளவங்களே இது எதுக்குப் பழைய வரின்னு சிரிப்பாங்களாம்."

ஜாஹிரா சிரிக்கவில்லை. "வீட்டுக்காரரு சம்மதமா?"

"உன் புருசனச் சொல்லலட்டி. வீடு யாருக்குச் சொந்தமோ அவங்க. ஆமா, அந்த வீடு யாரு பேர்ல இருக்கு?"

"எங்க உம்மா எனக்கு எழுதிக் கொடுத்த இடம். மாடிய அவரு கட்டினாலும் பத்திரம் எம் பேர்லதான்."

"அப்ப நீதான் வீட்டுக்காரர்," என்றாள் உமா. "அந்த வரி நம்மகிட்ட இல்லாட்டியும் முந்நூறு-ஏ பிரிவு இருக்கு. சட்டத்தோட அதிகாரம் இல்லாம ஒருத்தர் சொத்த எவனும் எடுத்துக்கிட முடியாது. அதுவும் ஒரு திருத்தத்துல வந்ததுதான். மொதல்ல போய் உத்தரவக் கேளு. இல்லன்னு சொல்லட்டும், பொறவு நான் வாரேன்."

மறுநாள் ஜாஹிரா தனியாக ஆவுடைநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் வாக்குச்சாவடிப் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"எங்க வீட்ட எடுத்ததுக்கு உத்தரவு வேணும் சார்."

"எடுக்கலையேம்மா," என்றார் அவர் நிதானமாக. "நீங்களா விட்டீங்க. உங்க வீட்டுக்காரர்தான் சம்மதிச்சாரே. அவரா மனசார விட்ட எடத்துக்கு உத்தரவு எதுக்கு?"

"எப்போ?"

"அவங்க வாரதுக்கு ரெண்டு நா முந்தியே. போன்ல கேட்டேன், சரின்னுட்டாரு. வீட்டுல பேசிக்கிடலியா நீங்க?"

அவள் எப்படி வெளியே வந்தாள், எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்பதே தெரியவில்லை. தொட்டி கழுவியதும் புது பல்பும் கையிலிருந்த சாவியும் ஒவ்வொன்றாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தன. இவ்வளவு நாளும் மாடியில் இருப்பவர்களையும் எதிர்வீட்டுக்காரரையும் அவள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்தவரோ பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்திருக்கிறார்.

சேக் மைதீன் கொல்லையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினார்.

"நீங்களா சரின்னீங்க?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்பே," என்றார். "வேண்டாம்னு சொல்லுத எடத்துல நாம இல்ல ஜாஹிரா. மாடிக்கு நாம பிளான் அப்ரூவல் வாங்கல. அந்தாளு போன்ல மொதல்ல அதத்தான் கேட்டான். 'மாடி அனுமதியில்லாமக் கட்டினதாமே பாய்? சரி, அத எலெக்‌ஷன் முடிஞ்சு பாத்துக்கிடலாம், இப்ப ஒரு உதவி'ன்னான். உதவின்னுதான் சொன்னான். நான் என்ன சொல்ல?"

"அனுமதி இல்லன்னு அவருக்கு யாரு சொன்னா?"

"தெரியல."

"தளவாயா?"

"தெரியலங்கேன்ல."

"உங்களுக்கு எதுதான் தெரியும்?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அங்க இருபது வருசம் இருந்தேன். உடுப்புப் போட்டவன் வந்து கேட்டா சரின்னு சொல்லித்தான் பழக்கம். கேள்வி கேட்டவனெல்லாம் பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டான். அந்தப் பழக்கம் போக மாட்டேங்கு."

அவளுக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, கோபமும் தீரவில்லை. அன்று இருவரும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். ஆஷிகா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் மாடியில் தண்ணீர் தீர்ந்துபோய், மோட்டார் போடச் சொல்ல ஒருவர் கீழே இறங்கி வந்தார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர், ஹவில்தார் யாங்மி. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். வடகிழக்கு மலை ஊர்க்காரர். சேக் மைதீன் சவூதியில் கற்ற இந்தியில் அவரோடு பேசுவார். ஜாஹிரா மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இந்த வீட்டுக்கு இவங்கள யாரு அனுப்பினான்னு கேளுங்க. எங்க வீடுன்னு எதுக்குக் குறிச்சாங்கன்னும் கேளுங்க."

சேக் மைதீன் கேட்டார். யாங்மி மெதுவாக, நீளமாகப் பேசினார். இடையில் ஒருமுறை கேட் தூணைக் கையால் காட்டினார். சேக் மைதீன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அவருக்குத் தெரியாதாம்," என்றார்.

"அவரு அம்புட்டு நேரம் பேசுதாரு. நீங்க ஒத்தச் சொல்லுல முடிக்கீங்க."

"சுருக்கம் அதுதான்."

"ஆஷிகா, நீ வா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள் ஜாஹிரா. "உனக்கு இங்கிலீஷ் வரும்லா? நீ கேளு. அவரு சொல்லுதத ஒண்ணு விடாமச் சொல்லு."

ஆஷிகா குழந்தையோடு வாசற்படியில் வந்து நின்று கேட்டாள். யாங்மி ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். ஆஷிகா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"அவங்க கேக்கது இடம் மட்டுந்தானாம் மாமி. இடத்தக் காட்டுதது இங்க உள்ள அதிகாரிங்க. எந்த வீடு, யாரு வீடுன்னு அவங்களுக்குத் தெரியாதாம். தூணுல போட்ட குறி, சாமான் கொண்டு வார லாரிக்கு அடையாளமாம், வேற ஒண்ணும் இல்லையாம்." அவள் நிறுத்தி, அவர் சொல்வதைத் திரும்பவும் கேட்டாள். குரல் இறங்கியது. "அவரு ஊர்ல, அவரு சின்னப் பையனா இருக்கையில, இதே மாதிரி படை வந்து இவங்க வீட்டு முன்பக்கத்த எடுத்துக்கிட்டாங்களாம். இவங்க எல்லாரும் அடுக்களையிலயே இருந்தாங்களாம். பள்ளிக்கூடத்துல பாதியும் அவங்களுக்குத்தானாம். வீட்டுக் கதவுல நம்பர் போட்டாங்களாம், சாக்பீஸ் இல்ல, பெயிண்டு. இப்பவும் அது இருக்காம்."

"எவ்வளவு நாள் இருந்தாங்களாம்?"

"அவரு படிச்சு முடிக்கிற வரைக்கும்."

ஜாஹிரா யாங்மியின் முகத்தைப் பார்த்தாள். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொறவு எதுக்கு இதே வேலைக்குப் போனாராம்?"

ஆஷிகா கேட்கத் தயங்கினாள். கேட்டாள். யாங்மி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சம்பளம் என்பது எல்லா ஊரிலும் புரிகிற சொல்தான். பிறகு இன்னும் கொஞ்சம் பேசினார்.

"அவங்க அம்மா யாருகிட்டயும் கேக்கலையாம். கேக்க ஆளு இல்லையாம். நம்மளக் கேக்கச் சொல்லுதாரு மாமி. கேட்டா அவங்க தப்பா எடுத்துக்கிட மாட்டாங்களாம். இங்க இல்லாட்டி இன்னொரு எடம் கொடுப்பாங்களாம்."

ஜாஹிரா மோட்டாரைப் போட்டாள். அவர் மாடியேறிப் போன பிறகும் அங்கேயே நின்றாள். அவர் சொன்னது பொய்யாகத் தோன்றவில்லை. ஆனாலும் துப்பாக்கியோடு வீட்டுக்கு மேலே இருப்பவன் இவ்வளவு நல்லபடியாகப் பேசினால், எதற்குப் பேசுகிறான் என்ற எண்ணமும் கூடவே வந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை. இந்தச் சில நாட்களில் யார் எது சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன என்று தேடும்படி தன் மனசு ஆகிவிட்டதே என்றிருந்தது.

அந்த வாரமே உமா மகேஸ்வரியோடு அவள் ஆவுடைநாயகத்தின் அறைக்குப் போனாள். வருகிறேன் என்று சேக் மைதீனாகவே கூட வந்தார். பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார்.

உமா மனுவை மேஜைமேல் வைத்தாள். "சொத்து இவங்க பேர்ல இருக்கு. இவங்க சம்மதம் கொடுக்கல. உத்தரவு இருந்தா எழுத்துல கொடுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதிக் கொடுங்க."

"படை டெல்லியோடது மேடம். அத நான் எப்படிக் கெளப்ப முடியும்? அவங்க கமாண்டரக் கேளுங்க."

"கேட்டாச்சு. நீங்க காட்டின எடத்துல எறங்கினோம்ங்கிறாங்க. படை டெல்லியோடது, இடம் காட்டினது நீங்க, வீடு இவங்களோடது. இதுல எது சார் வெளங்கல?"

"அவங்க வீட்டுக்காரர் சம்மதிச்சாரும்மா. கேளுங்க, அவரே நிக்காரு."

எல்லாரும் கதவருகே நின்ற சேக் மைதீனைப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். கையைக் கட்டியபடியே பேசினார். "சார், அன்னைக்கு நீங்க மாடியப் பத்திக் கேட்டீங்க. அந்தப் பயத்துல சரின்னேன். வீடு அவ வீடு. அவளக் கேக்காம நான் சரின்னு சொன்னது செல்லாது."

அவர் குரல் கொஞ்சம் அதிகமாகவே ஒலித்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆவுடைநாயகம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மாடியப் பத்தி நான் ஒண்ணும் மிரட்டலியே பாய். பேச்சுவாக்குல கேட்டேன்."

"அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் ஜாஹிரா.

"ஊர்ல நாலு பேரு பேசிக்கிடுதாவ," என்றார். எந்த நாலு பேர் என்று அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எழுத்தில் எதையும் கொடுக்கவும் இல்லை. மனுவை மடித்து டிராயருக்குள் வைத்துவிட்டு, நாளைக்கு வந்து பேசுகிறேன் என்றார்.

சொன்னபடி மறுநாள் வந்தார். ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். காவலுக்கு நின்றவன் அவரையும் யாரென்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டான். முன்னறையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் உங்ககிட்டயே கேக்கேன். தேர்தல் முடியுத வரைக்கும் இவங்க இங்க இருக்கட்டுமா?"

சேக் மைதீன் தரையைப் பார்த்தார். ஆஷிகா அறை வாசலில் நின்றிருந்தாள். மேலே யாரோ தகரப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஜாஹிராவுக்கு யாங்மியின் ஊர் ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லிவிடலாம், இன்னும் கொஞ்ச நாள்தானே என்றும் ஒரு நினைப்பு வந்தது. சரி சொன்னால் மாடிப் பிரச்சினையும் ஒருவேளை மறந்துபோகும். அந்த ஒருவேளைதான் அவளைத் தடுத்தது.

"வேண்டாம் சார்," என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்து கேக்கேன்..."

"கேட்டீங்க, அது சரி. அதுக்கு நான் சொல்லுத பதில் வேண்டாம்ங்கிறது."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "காரணம்?"

"பச்சப் பிள்ள துணி காய எடம் இல்ல," என்றாள்.

அன்று மாலைக்குள் பச்சை லாரி திரும்ப வந்தது. படையினர் அறைகளைப் பெருக்கி, மொட்டை மாடியைக் கழுவிவிட்டு இறங்கினார்கள். யாங்மி கடைசியாக வந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. கோபமா, இல்லை மேலதிகாரிகள் பார்க்கிறார்கள் என்றா என்பது அவளுக்குத் தெரியவில்லை. லாரி சாலையின் குறுக்கே திரும்பி, தளவாயின் லாட்ஜ் வாசலில் போய் நின்றது. பெயிண்ட் வேலை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தளவாய் வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்த பார்வை நெடுநேரம் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, லாட்ஜ் கேட்டருகே யாங்மி நிற்பதை ஜாஹிரா கண்டாள். அவர் லேசாகத் தலையசைத்தார். அவள் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள், தளவாய் இருக்கிறாரா என்றும் பார்த்தாள். பிறகுதான் தலையசைத்தாள். தேர்தல் முடிந்து அவர்கள் ஊரைவிட்டுப் போன நாளில் அவள் தென்காசியில் உமாவின் அலுவலகத்தில் இருந்தாள், அவர்கள் போவதைப் பார்க்கவில்லை.

வைகாசியில் மாடியை அளக்க ஆள் வந்தது. அனுமதியில்லாத கட்டடம் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். "தேர்தலுக்கு முந்தி இவங்க கண்ணுல படாத மாடி இப்ப பட்டுட்டு," என்றாள் உமா. வரன்முறைப்படுத்தக் கேட்டு எழுதிய மனுவில் ஜாஹிராவே கையெழுத்துப் போட்டாள். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. யார் சொல்லி அளக்க வந்தார்கள் என்பது தெரியவில்லை. தளவாய் இப்போதெல்லாம் அவளைக் கண்டால் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். அவள் ஒன்றிரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறாள்.

சாரல் விழ ஆரம்பித்து, ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்று மாடியில் வந்து தங்கியிருந்த ஒரு மதியம், சேக் மைதீனுக்கு ஒரு அழைப்பு வந்தது. வழக்கமாக அவர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவார். அன்று சமையலறைக்கு வந்து, அரிசி களைந்துகொண்டிருந்த அவளுக்குப் பக்கத்தில் நின்று, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசினார். பேசியது யாரோ அறை கேட்டுக் கூப்பிட்ட ஆள்தான். ஸ்பீக்கரைப் போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சு முடிகிற வரை கையை அரிசியிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.